வயரை வெட்டியது நான்தான், அதற்காக வாரண்டி மொத்தமும் போய்விடுமா?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். 14 மாதத்துக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு பைக் வாங்கினேன். காலையில் எஸ்டேட்டுக்குப் போகும்போது மூடுபனியில் ரோடே தெரியாது. அதனால் ஃபாக் லைட் வாங்கி, வீடியோ பார்த்து, ஹெட்லைட் வயரை வெட்டி நானே மாட்டினேன். நான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசி மழையில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் என்ஜின் விளக்கும் எரிய ஆரம்பித்தன. பிறகு ஒரு நாள் ஸ்டார்ட்டே ஆகவில்லை. குட்டியானையில் ஏற்றி மேட்டுப்பாளையம் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். "வயரில் கை வைத்திருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது, ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்ற 22,000 ரூபாய்" என்றார்கள். வண்டியைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். வழக்குப் போடலாமா? அதற்குள் நானே பிரித்துப் பார்க்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நீங்களும் தொடாதீர்கள், ஊர் மெக்கானிக்கையும் தொட விடாதீர்கள். பழுது வந்தபோது ஈசியு அதற்கான எர்ரர் கோடைப் பதிந்து வைத்திருக்கும். உங்கள் தரப்புக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆன்லைனில் வாங்கிய ஸ்கேனரை மாட்டி, விளக்கை அணைக்கிறேன் என்று கோடையே அழித்துவிட்டால் அப்புறம் எந்த வக்கீலும் கையைப் பிசைய வேண்டியதுதான்.

சரி, வழக்கு. போடலாம். ஆனால் அவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய கார்புரேட்டர் வண்டியில் ஒரு வயரை வெட்டி லைட் போடுவது பெரிய விஷயமில்லை. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. இப்போது சென்சார்கள் அனுப்பும் சின்னச் சின்ன மின்னழுத்த வித்தியாசத்தைப் படித்துத்தான் ஈசியு பெட்ரோலையே அளக்கிறது. டேப் சுற்றிய ஜாயின்ட்டில் ஈரம் இறங்கினால் எங்கெங்கோ கோளாறு காட்டும். அந்த டேப் கோத்தகிரி மழையை எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

இருந்தாலும் நீங்கள் வெட்டியது ஹெட்லைட் வயர். ஏபிஎஸ் சென்சார் இருப்பது சக்கரத்தின் பக்கத்தில். முன்னதால் பின்னது எப்படிக் கெட்டது, ஈசியு ஏன் போனது என்பதை அவர்கள் விளக்கியாக வேண்டும். "கை வைத்தீர்கள்" என்ற இரண்டு வார்த்தை விளக்கம் ஆகாது. வாரண்டி புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 'மாற்றத்தால் ஏற்படும் பழுதுக்கு' வாரண்டி இல்லை என்று இருந்தால் உங்கள் பக்கம் பலம். மாற்றத்துக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பை, மறுப்பவர்தான் காட்ட வேண்டும் என்று வாதாடலாம். 'மாற்றம் செய்தாலே வாரண்டி ரத்து' என்று இருந்தால் கொஞ்சம் கஷ்டம். அப்போதும் கதவு மூடிவிடவில்லை. வெளி கராஜ்களுக்கு உதிரி பாகமும் பரிசோதனைக் கருவியும் கொடுக்காததற்காக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே ரிப்பேர் செய்தால் வாரண்டி மொத்தமாக ரத்து என்ற நிபந்தனையையும் அந்த உத்தரவு குறை சொன்னது. அது கார் விவகாரம், வேறு சட்டம், மேல்முறையீட்டுக்கும் போனது. அதனால் அதை ஒரு வாதமாக மட்டும் வையுங்கள். ரிப்பேர் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு இணையதளம் தொடங்கியது உண்மை. ஆனால் தனிச் சட்டம் இல்லை, அதை நம்பி இறங்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது ஒரு கடிதம். டீலர், கம்பெனி இருவருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஜாப் கார்டு (சர்வீஸ் சென்டரின் வேலை விவரச் சீட்டு), எர்ரர் கோடு பிரிண்ட், எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்பது, இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே உங்களுக்குச் சாதகம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(11)-ன்படி தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். வயரை வெட்டியதை உங்கள் கடிதத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்களிடம் போட்டோ இருக்கும். நாம் மறைத்து அவர்கள் காட்டினால் வழக்கு அங்கேயே தள்ளாடும்.

டீலர் கோயம்புத்தூரில் இருந்தாலும் நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட பிரிவு 34 வழி செய்கிறது. ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, நீங்களே வாதாடலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம். பாகத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிட்டால் அந்தச் செலவை மட்டும் முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். குட்டியானை வாடகைக்கு ரசீது இருந்தால் அதையும் நஷ்டஈட்டில் சேருங்கள்.

வேலைக்கு வண்டி உடனே தேவை, அதுவரை பொறுக்க முடியாது என்றால் 22,000 கட்டி மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பில்லில் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கழற்றிய பழைய ஈசியுவைக் கையோடு கேட்டு வாங்கி, ஈரம் படாத இடத்தில் வைத்திருங்கள்.