தோட்டத்து ஜீப்புக்கு எந்த பிளாஸ்டிக் கண்ணாடி?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டம். உள்ளே ஓட்ட ஒரு பழைய மகிந்திரா எம்.எம். 540 வைத்திருக்கிறேன், கூரை கிடையாது. முன்கண்ணாடி இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை போய்விட்டது. ஒரு தடவை சில்வர் ஓக் கிளை, இன்னொரு தடவை மிளகு பறிக்கும் ஏணி. இனி பிளாஸ்டிக் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். பெயர்ப் பலகை செய்யும் கடைக்காரர் 4 மி.மீ. அக்ரிலிக் போதும் என்கிறார். நண்பர் ஒருவர் பாலிகார்பனேட்தான் போட வேண்டும் என்கிறார். எது சரி? வைப்பர் வைக்கலாமா? எப்போதாவது வத்தலக்குண்டு வரை இறங்குவேன், அதற்குச் சிக்கல் வருமா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. பாலிகார்பனேட்தான். ஆனால் மேலே கடினப் பூச்சு, அதாவது கடையில் 'ஹார்டு கோட்' என்று சொல்வார்களே, அது போட்ட பாலிகார்பனேட். பூச்சு இல்லாததை வாங்கினால் ஷீட் உடையாமல் அப்படியே இருக்கும், அதன் வழியாக எதுவும் தெரியாது.

முதலில் அக்ரிலிக்கைப் பார்த்துவிடலாம். அது மட்டமான பொருள் இல்லை. ஒளியை 92 சதவீதம் உள்ளே விடும். வருஷக்கணக்கில் வெயிலில் நின்றாலும் லேசில் மஞ்சளாகாது. கீறலைத் தாங்குவதில் பூச்சில்லாத பாலிகார்பனேட்டைவிட மேல். பெயர்ப் பலகைக்கு அதை அடிக்க ஆள் கிடையாது, கடைக்காரர் தன் அனுபவத்தில்தான் பேசுகிறார். ஆனால் பலகை குலுங்காது, பலகைமேல் ஏணி விழாது. அக்ரிலிக் உடைந்தால் கூர்மையான பெரிய துண்டுகளாக உடையும். போல்ட் ஓட்டையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பும், கல் பாதையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது நீளும். கூரையில்லாத ஜீப்பில் அந்தத் துண்டுகள் நேராக உங்கள் மார்புக்கு வரும். உங்களுக்கு அது வேண்டாம்.

பாலிகார்பனேட்டின் பலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. போலீஸ்காரர்கள் கலவரத்தில் பிடிக்கும் ஒளிபுகும் கேடயம் அதுதான், நல்ல ஹெல்மெட்டின் முன்கண்ணாடியும் அதுதான். கிளை அடித்தால் வளைந்து கொடுத்துத் திரும்பும். லெக்ஸான், மக்ரோலான் என்று கேட்டிருப்பீர்கள். இரண்டும் பாலிகார்பனேட்டின் வணிகப் பெயர்களே.

அந்த ஹெல்மெட்டையே நினைத்துப் பாருங்கள். வாங்கிய புதிதில் பளிங்கு மாதிரி இருக்கும். ஒரு வருஷம் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து ஓட்டிய பிறகு, ராத்திரி எதிரே ஒரு லாரி வந்தால் முழுக் கண்ணாடியும் வெள்ளையாகப் பூத்துவிடும். பாலிகார்பனேட் உடையாதே தவிர மிருதுவான பொருள், லேசாக உரசினாலே கோடு விழும் அளவுக்கு. தோட்டத்துச் செம்மண் தூசியில் குவார்ட்ஸ் துகள் உண்டு. ஒவ்வொரு துடைப்பும் உப்புத்தாளால் தேய்ப்பது மாதிரிதான். காலை ஏழு மணிக்குச் சூரியன் எதிரே இருக்கும்போது மேடேறினால் தெரியும், பிளாஸ்டிக் கண்ணாடியின் ஆயுளை முடிப்பது கிளையா, இந்தக் கீறலா என்று. அதனால் கையில் உள்ள காசை ஷீட்டின் கனத்தில் போடுவதைவிடப் பூச்சில் போடுங்கள். விலை கூடத்தான் வரும்.

பூச்சு போட்ட ஷீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெரும்பாலானவற்றை வளைக்கக் கூடாது, வளைத்தால் பூச்சு வெடித்துவிடும். உங்கள் ஜீப்பின் கண்ணாடி தட்டையானது என்பதால் தப்பித்தீர்கள். இரண்டு பக்கமும் பூச்சுள்ளதாகக் கேளுங்கள். புற ஊதாக் கதிர்த் தடுப்பு இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும், அது இல்லாவிட்டால் மலை வெயிலில் மஞ்சளாகிவிடும். தடுப்பு ஒரு பக்கம் மட்டும் என்றால் எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்று ஒட்டியிருக்கும் படலத்தில் அச்சிட்டிருப்பார்கள். பொருத்தி முடித்த அன்றே படலத்தை உரித்துவிடுங்கள். வெயிலில் நாலு நாள் கிடந்தால் பசை இறுகிவிடும்.

வாங்கும் இடத்திலும் கவனம் தேவை. கார் ஷெட் கூரைக்கு விற்கும் உள்ளே அறை அறையாக இருக்கும் ஷீட்டும் 'பாலிகார்பனேட்' என்றுதான் விற்கப்படுகிறது. உங்களுக்கு வேண்டியது 'சாலிட்' ஷீட். கடைக்காரர் அக்ரிலிக்கைக் காட்டி பாலிகார்பனேட் என்று சொல்கிறாரோ என்று சந்தேகம் வந்தால், ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி வைஸில் கடித்து மடக்குங்கள். அக்ரிலிக் 'டப்' என்று முறியும். பாலிகார்பனேட் தகரம் போல மடங்கும்.

கனம் 5 மி.மீ. எடுங்கள், 6 கிடைத்தால் இன்னும் நல்லது. 3 மி.மீ. கூட லேசில் உடையாது, ஆனால் காற்றில் படபடக்கும், பாதை அலையலையாகத் தெரியும். விறைப்பு கனத்தின் மும்மடியில் ஏறும் என்பதால் 6 மி.மீ. ஷீட் 3 மி.மீ. ஷீட்டைப் போல எட்டு மடங்கு விறைப்பு. எடையைப் பற்றிக் கவலை வேண்டாம், கண்ணாடியின் அடர்த்தி 2.5 என்றால் இதற்கு 1.2தான்.

பொருத்துவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பாலிகார்பனேட் வெப்பத்தில் இரும்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல் விரியும். 1.2 மீட்டர் அகல ஷீட், விடியற்காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவே 40 டிகிரி மாறினால் சுமார் 3 மி.மீ. நீளும். இரும்பு ஃப்ரேம் அரை மி.மீ. சொச்சம்தான். இடம் விடாமல் இறுக்கினால் ஷீட் உப்பும், அல்லது ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும். அதனால் 6 மி.மீ. போல்ட்டுக்கு 9 மி.மீ. ஓட்டை போடுங்கள். ஓட்டைக்கும் ஓரத்துக்கும் 20 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். இ.பி.டி.எம். என்ற வகை ரப்பரில் செய்த வாஷர் வைத்து, வாஷரைக் கையால் சுற்ற முடியாத அளவுக்கு மட்டும் இறுக்கினால் போதும். பி.வி.சி. வாஷரோ பீடிங்கோ (கண்ணாடி ஓரத்தைப் பிடிக்கும் பட்டை) வேண்டாம், அதிலிருந்து கசியும் எண்ணெய் பாலிகார்பனேட்டை அரிக்கும். போல்ட் கழலாமல் இருக்க ஊற்றும் திரவப் பசையும் அப்படித்தான், உள்ளே நைலான் வளையம் உள்ள நட் போடுங்கள். பழைய ரப்பர் பீடிங்கிலேயே ஷீட்டைச் செருகிவிடலாம் என்றும் தோன்றும். இது வளையும் பொருள் என்பதால் பலமாக அடி விழுந்தால் பீடிங்கை விட்டு மொத்தமாகப் பிதுங்கி வந்துவிடும். சுற்றிலும் ஒரு அலுமினியப் பட்டி வைத்துக் கவ்வுங்கள்.

ரசாயன விஷயத்தில் நானே ஒரு தடவை பட்டிருக்கிறேன். படலத்தை உரித்த பிறகு ஓரமாக ஒட்டியிருந்த பசையைத் தின்னரால் துடைத்தேன். சாயந்திரம் வரை ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் சிலந்திவலை மாதிரி விரிசல். இறுக்கத்தில் இருக்கும் பாலிகார்பனேட்டில் தின்னர், பெட்ரோல், அசிட்டோன் பட்டால் அதுதான் நடக்கும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது. கையில் தடவும் கொசு விரட்டியில் 'டீட்' இருந்தால் அந்தக் கையோடு ஷீட்டைத் தொடாதீர்கள். கழுவுவது சுலபம்: முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள், அப்புறம் லேசான சோப்புத் தண்ணீர், மெத்தென்ற மைக்ரோஃபைபர் துணி. காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது.

வைப்பரைப் பொறுத்தவரை, பூச்சில்லாத ஷீட்டில் நினைத்தே பார்க்காதீர்கள், ஒரு மழைக்காலம் கூடத் தாங்காது. பூச்சுள்ளதில், புது பிளேடு போட்டு, நன்றாக நனைந்திருக்கும்போது மட்டும் ஓட்டலாம். சேறு தெறித்திருக்கும்போது வைப்பரைத் தட்டினால் பிறை வடிவக் கீறல் நிச்சயம். உங்கள் இடத்தில் நான் இருந்தால், தோட்டத்துக்குள் அடைமழையில் ஃப்ரேமை பானெட்மேல் மடக்கிவிட்டு, பழைய போர்வை ஒன்றை நடுவில் போட்டு, தொப்பியோடு மெதுவாக ஓட்டுவேன்.

சரி, வத்தலக்குண்டு. இங்கே பதில் உங்களுக்குப் பிடிக்காது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100வது விதி, பொதுச் சாலையில் ஓடும் வண்டியின் முன்கண்ணாடி தரச் சான்று பெற்ற பாதுகாப்புக் கண்ணாடி வகையாக இருக்க வேண்டும், 70 சதவீத ஒளியாவது ஊடுருவ வேண்டும் என்கிறது. கடையில் அளவுக்கு வெட்டி வாங்கும் ஷீட்டுக்கு அந்தத் தரச் சான்று இருக்காது. போலீஸ் பிடிப்பதைவிட, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் இதைத்தான் முதலில் கிளறுவார். தட்டை லேமினேட்டட் கண்ணாடியை, அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியதை, கண்ணாடிக் கடையிலேயே அளவுக்கு வெட்டித் தருவார்கள், பெரிய செலவில்லை.

அதனால் என் யோசனை இரண்டு ஃப்ரேம். பழைய வண்டி உடைக்கும் இடங்களில் தேடினால் இந்த ஜீப்பின் ஃப்ரேம் கிடைக்கும். ஒன்றில் பாலிகார்பனேட், அது தோட்டத்துக்கு. இன்னொன்றில் லேமினேட்டட் கண்ணாடி, அது மலையிறங்கும் நாளுக்கு. கீல் போல்ட்டைக் கழற்றி மாற்றுவது இரண்டு பேருக்கு அரை மணி நேர வேலை. வைப்பர் மோட்டார் ஃப்ரேமிலேயே இருந்தால் அதன் வயரை முதலில் கழற்றிவிட்டுத் தூக்குங்கள்.