இன்ஜின் சூட்டைத் தப்பாகச் சொல்லும் சென்சார்: வாசகர் கேள்வி – பதில்

பெட்ரோல் காருங்க. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடிட்டு இருந்தது, இப்போ 11-ஐத் தாண்டறதில்லை. காலையில ஒரே தடவையில ஸ்டார்ட் ஆகுது. கடைக்குப் போய் பத்து நிமிஷம் நிறுத்திட்டு வந்தா கிளம்ப மாட்டேங்குது. சைலன்சர் வாயெல்லாம் கரி. பிளக் மாத்தியாச்சு, திராட்டில் பாடி கழுவியாச்சு. செக் இன்ஜின் லைட்டும் எரியலைங்க. எங்கே பார்க்கறது?
– வாசகர், பல்லடம்

இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் கிளம்ப மறுக்கிறது என்கிறீர்களே, அதுதான் துப்பு. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை முதலில் பாருங்கள்.

சிலிண்டர் ஹெட்டிலோ, ரேடியேட்டருக்குப் போகும் கூலன்ட்டைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் ஹவுசிங்கிலோ இது இருக்கும். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பரவலாக உள்ள வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். இதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு முடிவு செய்கிறது. இன்ஜின் 90 டிகிரியில் இருக்க, சென்சார் 30 என்று சொன்னால், குளிர்ந்த இன்ஜினுக்கான பெட்ரோல் இறங்கும். காலையில் இன்ஜின் உண்மையிலேயே குளிர்ந்திருப்பதால் தொந்தரவு தெரியாது. சூட்டில் பிளக் நனைந்து போகும். 30 டிகிரி என்பது நம்பக்கூடிய எண் என்பதால் பல வண்டிகளில் லைட்டும் எரியாது.

சோதிப்பது எளிது. இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவியை ஆன் மட்டும் செய்து, ஓபிடி ஸ்கேனரில் (வண்டியில் செருகி ஈசியுவின் எண்களைப் படிக்கும் கருவி) கூலன்ட் வெப்பத்தையும் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். இரண்டுக்கும் ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. பிறகு ஸ்டார்ட் செய்து, எண் நிற்காமல், குதிக்காமல் 85–95 வரை ஏறுகிறதா என்று கவனியுங்கள். எங்காவது தேங்கினால், வண்டியை நிறுத்தி சென்சார் சாக்கெட்டைக் கழற்றுங்கள். சாவியை மறுபடி ஆன் மட்டும் செய்தால், பெரும்பாலான வண்டிகளில் ஸ்கேனரில் சுமார் மைனஸ் 40 வர வேண்டும். சாக்கெட்டின் இரண்டு முனைகளையும் சிறு ஒயரால் இணைத்தால் 130-க்கு மேல் போக வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் ஒயரிங் நன்றாக இருக்கிறது, கோளாறு சென்சாரில்தான். இது இரண்டு ஒயர் சென்சாருக்கான சோதனை. மூன்று, நான்கு ஒயர் இருந்தால் வரைபடம் பார்க்காமல் இணைக்காதீர்கள்.

ஸ்கேனர் இல்லையென்றால் சென்சாரைக் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் முனையை மட்டும் அமிழ்த்தி, தெர்மாமீட்டரோடு சேர்த்துச் சூடாக்குங்கள். மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். தடை சீராக இறங்க வேண்டும். கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருப்பதால் தண்ணீர் 98–99 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிநிலையை 100 என்று எடுத்துக்கொள்ளாமல் தெர்மாமீட்டர் காட்டுவதைக் குறியுங்கள்.

சென்சார் சில நூறு ரூபாய்ச் சாமான். இன்ஜின் ஆறிய பிறகே மாற்றுங்கள். புது வாஷர் அல்லது ஓ-ரிங் போடுங்கள். அலுமினிய மரை என்பதால் இறுக்கி முறுக்காதீர்கள். மாற்றியதும் வேலை முடியாது. இத்தனை நாளாக எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் கலந்திருக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயிலை உடனே மாற்றுங்கள். இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வீணாகும், அதன் விலை ரொம்பவே அதிகம். சென்சாரை மாற்றும் வரை வழியில் கிளம்பாமல் நின்றால், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள்; பெரும்பாலான கார்களில் அப்போது பெட்ரோல் தெளிப்பு நிற்கும், உள்ளே தேங்கியது வெளியேறும்.

சாவியைப் போட்டதுமே ரேடியேட்டர் ஃபேன் ஓடுதுங்க. ஏசி வேலை செய்யலை. ஸ்கேன் பண்ணினா பி 0118-னு வருது. ஃபேன் ஓடினா இன்ஜினுக்கு நல்லதுதானே, வால்பாறை மலை ஏற வசதின்னு மெக்கானிக் சொல்றார். அப்படியே விடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

விடக் கூடாது. பி 0118 என்ற கோளாறு எண் வந்தால், பெரும்பாலும் கூலன்ட் சென்சார் சுற்று அறுந்திருக்கிறது. வெப்பம் தெரியாததால் ஈசியு தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, பாதுகாப்புக்காக ஃபேனை ஓட்டி, ஏசியை நிறுத்துகிறது. ஆழியாற்றைத் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளில் கீழ் கியரில் ஏறும்போது உண்மையிலேயே சூடு எகிறினால், பல வண்டிகளில் மீட்டரும் எச்சரிக்கை விளக்கும் உங்களுக்குச் சொல்லாது. சென்சாரை வாங்கும் முன் சாக்கெட்டைப் பாருங்கள்: பச்சை பூத்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, பின் உள்ளே போயிருக்கிறதா? சாவி ஆனில் சாக்கெட்டின் இரு முனைகளுக்கிடையே சுமார் 5 வோல்ட் வந்தால் ஒயரிங் சரி, சென்சாரை மாற்றலாம். இதற்கு எதிரான பி 0117 வந்தால் ஒயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருக்கும், அல்லது சென்சார் உள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கும்.

இரண்டு வருஷத்துல ரெண்டு சென்சார் போச்சுங்க. ரேடியேட்டருக்கு எங்க வீட்டுப் போர் தண்ணிதான் ஊத்தறோம். அதுதான் காரணமா?
– வாசகி, அவிநாசி

பெரும்பாலும் அதுதான். உப்புத் தண்ணியின் சுண்ணாம்பு சென்சார் முனையில் படிந்தால் சூடு தாமதமாகத்தான் உள்ளே எட்டும்; துருவும் சேர்ந்து அரிக்கும். வெளியே தெரியாத ரேடியேட்டர் குழாய்களிலும் இதே படிவு இருக்கும் என்பதுதான் பெரிய கவலை. குடிக்கிற நல்ல தண்ணிகூட வேண்டாம். கூலன்ட் அடர்கரைசல் பாதி, உப்பு நீக்கிய டீமினரலைஸ்டு தண்ணீர் பாதி. கலந்தே விற்பதை வாங்கினால் எதையும் சேர்க்காதீர்கள். பழையதை வடித்து, தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசுங்கள். கடைசி அலசலை டீமினரலைஸ்டு தண்ணீரில் செய்யுங்கள். புதிதாக நிரப்பியதும் ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐட்லிங்கில் விட்டு ஏர்லாக்கை எடுங்கள். காற்றுக்குமிழில் மாட்டிய சென்சார், புதிதாக இருந்தாலும் தப்பாகவே சொல்லும். ஆறியபின் அளவைப் பார்த்து மேலும் ஊற்றுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

மீட்டர் முள் நடுவுலதான் நிக்குது. அப்போ சென்சார் சரின்னுதானே அர்த்தம்?
– வாசகர், ஈரோடு

இல்லை. சில வண்டிகளில் மீட்டருக்குத் தனி சென்சார். ஒரே சென்சார் உள்ளவற்றிலும், கணிசமான ஏற்ற இறக்கத்துக்கு முள் அசையாதபடி பல கம்பெனிகள் அமைத்திருக்கின்றன. ஸ்கேனர் எண்ணை மட்டும் நம்புங்கள்.

பிஎஸ்6 டீசல். டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) லைட் அடிக்கடி எரியுது. குன்னூர் ஏறும்போது கூலன்ட் 85 காட்டுது, மேட்டுப்பாளையம் இறங்கும்போது 60-க்கு வந்துடுது. சென்சார் மாத்தணுங்களா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

வேண்டாம், உங்கள் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. ஏற்றத்தில் ஏறி இறக்கத்தில் இவ்வளவு விழுந்தால் தெர்மோஸ்டாட் மூடாமல் திறந்தே நிற்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்: நல்ல தெர்மோஸ்டாட் என்றால் 80 டிகிரியைத் தாண்டும் வரை ஹோஸ் ஆறியே இருந்து, பிறகு சட்டென்று சுடும். முதல் சில நிமிடங்களிலேயே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் மாற்றிவிடுங்கள். இன்ஜின் போதிய சூட்டை எட்டாதவரை டிபிஎஃப் கரியை எரிக்க ஈசியு அனுமதிக்காது. மாற்றியபின் அவிநாசி சாலையில் 20 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். லைட் அணையாவிட்டால் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மூலம் எரிக்கச் சொல்லுங்கள்.