டர்ன் பேஸ்டு ஃபேன்டஸி, ஸ்ட்ராட்டஜி கேம்களில் எதைப் பரிந்துரைப்பீர்கள்? இதெல்லாம் வயசானவர்கள் ஆட்டமா?

கேள்வியின் முதல் பாதி மட்டும் இருந்திருந்தால் நாலு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். கீழே ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, 'கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப், ஆளுக்கொரு முறை வைத்து ஆடுவதை வயசானவர்கள் ஆட்டம் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்' என்று, அதைப் படித்த பிறகு சும்மா போக மனசு வரவில்லை.

நீங்கள் வேலைக்குப் போய்வந்து, வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும் ஆள் என்று வைத்துக்கொள்கிறேன். குழந்தை அழுதால் எழுந்து போக வேண்டும். கரண்ட் போகும். அப்படிப்பட்டவருக்கு ஆளுக்கொரு முறையாக ஆடும் இந்த டர்ன் பேஸ்டு வகைதான் சரி. உங்களுக்காகக் காத்திருப்பது இது ஒன்றுதான்.

நான் கம்பத்துக்காரன். அப்பா வைத்த உரக்கடையை இப்போது நான் பார்க்கிறேன். 2011-ல் கல்லூரி முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தபோது, பில் போட வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓடிப்பிடித்துச் சுடும் கேம் எதையும் அதில் ஆட முடியாது. மெஷினும் தாங்காது, கடையும் விடாது. நடுவில் ஒருவர் வந்து மயில்துத்தம் ரெண்டு கிலோ என்பார். எழுந்து போய் எடை போட்டு, சுண்ணாம்பு எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்லி, போன வருஷ பாக்கியை மெதுவாக ஞாபகப்படுத்தி அனுப்பிவிட்டுத் திரும்பினால், ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 நான் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். என் முதல் பரிந்துரை அதுதான். இன்று வரைக்கும் மாறவில்லை.

நியூ வேர்ல்டு கம்ப்யூட்டிங் உருவாக்கி 1999-ல் வந்த கேம். ஒரு முறை என்பது ஒரு நாள், ஏழு நாள் ஒரு வாரம். புது வாரம் பிறந்தால்தான் ஊரில் புதுப் படை சேரும். மரம், தாது, பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம், தங்கம் என்று ஏழு பொருள். ஊரின் மன்றத்தை வளர்த்துக்கொண்டே போய் கேபிடல் வரை கட்டினால் நாளொன்றுக்கு 4000 தங்கம் வரும், ஆனால் அதற்குள் படை எடுக்கக் காசு இருக்காது. கையில் இருப்பதை வருமானத்தில் போடுவதா, ஆளில் போடுவதா? திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் எவரையும் கேளுங்கள், இந்தக் கேள்வியின் கனம் தெரியும். போர் அறுகோணக் கட்டங்களில் நடக்கும். ஒரு தளபதிக்குக் கீழே ஏழு அணிகள்தான் நிற்க முடியும். எதை முன்னால் நிறுத்துவது, வில்லாளிகளை எதற்குப் பின்னால் ஒளிப்பது என்று யோசித்துக்கொண்டே நான் ராத்திரிச் சாப்பாட்டை ஆறவிட்ட நாட்கள் உண்டு.

அதை எனக்கு உயிரான ஆட்டமாக்கியது ஒரு ஆள். கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் ரெண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருந்த மலையாளிக் குடும்பத்துப் பையன். மருந்து வாங்க வந்தவன் மழை விடட்டும் என்று கடையில் உட்கார்ந்தான், திரையைப் பார்த்தான், 'அளியா, இதில் ரெண்டு பேர் ஆடலாம், தெரியுமோ?' என்றான். ஹாட் சீட் என்று ஒரு வழி இருக்கிறது. ஒரே கம்ப்யூட்டரில் நான் என் முறையை முடித்து எழுந்தால் நீ உட்காரலாம். அன்றைக்கு மழை விட்டும் அவன் போகவில்லை. அவன் என்னை அளியா என்பான், நான் அவனை மாப்ள என்பேன். ரெண்டும் ஒரே உறவுதான்.

அவன் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள், ஆனால் தோட்டத்துக்குள் நெட் கிடையாது. சேவ் செய்த ஃபைலைப் பென் டிரைவில் போட்டு அனுப்பலாம் என்று அவன்தான் சொன்னான். எங்கள் ஊரிலிருந்து விடிவதற்குள் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் எல்லையிலிருக்கும் கம்பம்மெட்டு ஏறும், சாயங்காலம் இறங்கும். அதில் ஒரு டிரைவர் அண்ணன் சம்மதித்தார். காலையில் பாலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்துவிடுவேன். அவன் பகலில் ஆடி நாலு மணிக்கு அதே வண்டியில் திருப்பி அனுப்புவான். ராத்திரி என் முறை. ஒரு நாளைக்கு ஒரு நாள். ஏதோ தோட்டத்துக் கணக்கு என்று நினைத்து அண்ணன் அதை அவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோவார்.

இதில் ஒரு சிக்கல். என் முறையை முடித்தால் உடனே அவனுடைய பக்கம் திறந்துவிடும். அந்த நிலையில்தான் சேவ் செய்து அனுப்ப முடியும். அதாவது அவனுடைய ஊர், படை, அவன் கண்டுபிடித்த இடங்கள் எல்லாம் என் கண்ணெதிரே வரும். கண்ணை மேயவிடாமல் நேராக சேவ் பொத்தானுக்குப் போய், எழுதிவிட்டு வெளியேற வேண்டும். சரிபார்க்க வழியே கிடையாது, நம்பிக்கைதான். ஜூனில் ஆரம்பித்தோம், டிசம்பர் வரை நான் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் வெடித்தது. குமுளிப் பாதையும் கம்பம்மெட்டும் அடைபட்டன. அணையைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லப் போவதில்லை, தயவுசெய்து கருத்துப் பகுதியில் யாரும் அதை ஆரம்பிக்க வேண்டாம். அவனும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜீப்புகள் நின்றன. கூலிக்குப் போகிற பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கடையைப் பாதி ஷட்டர் இறக்கித்தான் திறந்துவைத்திருந்தோம். பென் டிரைவ் என்னிடம் இருந்தது. அதில் அவனுடைய முறை. ஆட்டத்தில் நான்காவது மாதம், இரண்டாவது வாரம்.

ஒருநாள் மத்தியானம் திறந்து பார்த்துவிட்டேன்.

அவசரத்தில் பட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன், உட்கார்ந்து பார்த்தேன். அவனுடையது நெக்ரோபோலிஸ் ஊர். தோற்றவர்களை எலும்புக்கூடுகளாக எழுப்பித் தன் படையில் சேர்த்துக்கொள்வதுதான் அதன் பலம். அந்த எலும்புப் படையை மொத்தமாகக் கிழக்கே ஒரு சுரங்கத்துக்காகக் கொண்டுபோயிருந்தான். ஊரில் காவலுக்குக் கொஞ்சம் பேர்தான். என் தளபதி ரெண்டு நாள் தூரத்தில் நின்றான். ஆறு மாதமாக அசையாத ஆட்டம் என் கையில் இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தோஷமே இல்லை. இனி நான் அந்த ஊர்ப்பக்கம் போனாலும் திருட்டு, வேண்டுமென்றே போகாமல் விட்டாலும் அவனுக்கு நான் போடும் பிச்சை. எப்படி ஆடினாலும் அது அவனும் நானும் ஆடும் ஆட்டமாக இருக்காது.

நிலைமை தணிந்து ஜீப் ஓடத் தொடங்கிய அன்று, சேவ் ஃபைலோடு ஒரு நோட்பேட் ஃபைலும் வைத்தேன். 'மாப்ள, உன் மேப்பப் பாத்துட்டேன். முழுசா பாத்தேன். மன்னிச்சிரு.' ஒன்பது நாள் பதில் இல்லை. தினமும் சாயங்காலம் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போவேன், டிரைவர் அண்ணன் கையை விரிப்பார். பத்தாவது நாள் பென் டிரைவ் வந்தது. பழைய ஃபைல் அழிக்கப்பட்டிருந்தது. புது ஆட்டம் ஒன்று, முதல் மாதம், முதல் வாரம், முதல் நாள். ஃபைலின் பெயர் 'அளியா 2'. வேறு ஒரு வார்த்தை இல்லை.

இதைச் சின்னப் பிள்ளைத்தனம் என்று யாராவது நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். எல்லை அடைபட்டிருந்த நாட்களைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மத்தியானம்தான்.

அந்த ஃபைல்கள் இன்று என்னிடம் இல்லை. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று லேப்டாப்பை ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன், கடையின் பெயர் வேண்டாம். கீபோர்டு மட்டும் மாற்றச் சொன்னேன். கேட்காமல் கொள்ளாமல் ஃபார்மட் அடித்து, புது விண்டோஸ் போட்டதற்கும் சேர்த்து பில் கொடுத்தார்கள். 'அளியா 2' போச்சு, அப்பா உடம்பு நன்றாக இருந்தபோது எடுத்த போட்டோக்கள் போச்சு. ஏன் ஒரு போன் பண்ணவில்லை என்று கேட்டதற்கு, 'கேம்தானே சார், திரும்ப ஏத்திக்கலாம்' என்றார் அங்கிருந்தவர். உரம் வாங்க வருகிறவர் யூரியா கேட்டால் நான் பொட்டாஷை அள்ளிக் கொட்டுவதில்லை. அடுத்தவர் பொருள் கைக்கு வந்தால் கேட்டுவிட்டுத் தொட வேண்டாமா? லேப்டாப்பை எங்கே கொடுப்பதாக இருந்தாலும் முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஹீரோஸ் 3 வாங்குவதானால் கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில் 'கம்ப்ளீட்' பதிப்பை வாங்குங்கள். 2015-ல் யூபிசாஃப்ட் வெளியிட்ட எச்டி பதிப்பில், மூல கேமுக்குப் பின்னால் வந்த இரண்டு கூடுதல் தொகுப்புகளும் கிடையாது. ரசிகர்கள் இலவசமாகத் தரும் 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்ற கூடுதல் தொகுப்பும் அதன் மேல் ஓடாது. 2011-ல் நான் ஆடியது யாரோ எழுதிக் கொடுத்த சிடி, அதை மறைக்கவில்லை. பிறகு காசு கொடுத்து வாங்கிவிட்டேன்.

காசே செலவழிக்க வேண்டாம் என்றால் பேட்டில் ஃபார் வெஸ்னாத். 2003-லிருந்து தன்னார்வலர்கள் வளர்த்துவரும் திறந்த மூல கேம், முழுக்க இலவசம், உங்கள் லேப்டாப்பில் தாராளமாக ஓடும். அதில் பொழுது முக்கியம். ஒழுங்கின் பக்கம் நிற்கும் வீரர்களுக்குப் பகலில் 25 சதவீதம் கூடுதல் பலம், ராத்திரியில் அதே அளவு குறையும். ஓர்க்குகள் என்னும் அரக்கர் கூட்டத்துக்கு நேர் எதிர். அதனால் இருட்டும் நேரத்தில் பின்வாங்கி, காயம்பட்டவனைக் கிராமத்தில் நிறுத்தித் தேற்றி, விடிந்ததும் இறங்க வேண்டும். செத்தவன் செத்தவன்தான், அடுத்த கட்டத்துக்கு வரமாட்டான். அதிர்ஷ்டம் இல்லாமல் தோற்றேன் என்று நிறையப் பேர் புலம்புவார்கள். என் அனுபவத்தில், அவர்களில் பாதிப் பேர், காட்டுக்குள் நின்றால்தான் பலமான எல்ஃப் வீரனைக் காட்டை விட்டு வெளியே நிறுத்தியிருப்பார்கள்.

இன்டு தி பிரீச், 2018. எட்டுக்கு எட்டுக் கட்டம். எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்று முதலிலேயே காட்டிவிடும். ஃபேன்டஸி அல்ல, ஆனால் பதினைந்து நிமிஷம் கிடைத்தாலும் ஆடலாம். பால்டர்ஸ் கேட் 3 எங்கே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அருமையான கேம், 2023-ல் வந்தது. ஆனால் 150 ஜிபி இடமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும், கேட்டவரிடம் அது இல்லை. சிவிலைசேஷன் 7-ல் சோழர்கள் வந்திருப்பதில் எனக்கும் பெருமைதான், அதற்கும் இந்த லேப்டாப் போதாது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் திராவிடர் படை தமிழ் பேசும், கேட்கவே நன்றாக இருக்கும். ஆனால் அது டர்ன் பேஸ்டு அல்ல.

உங்கள் நண்பர்களிடம் ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. எல்லா ஆடும் பலகையில் இறங்கும் வரை ஒரு ஆட்டையும் நகர்த்தக் கூடாது. என் தாத்தா கோயில் திண்ணையில் கோடு கிழித்து ஆடுவார், எதிரே உட்கார்ந்தவன் பத்து வயசுப் பையனாகிய நான். ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை. அதை யாரும் வயசானவர்கள் ஆட்டம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

வெஸ்னாத்தில் 'தி சவுத் கார்டு' கதையிலிருந்து தொடங்குங்கள், புதியவர்களுக்கு அது எளிது. எங்கே மாட்டினாலும் கீழே கேளுங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பதில் சொல்கிறேன். மாப்ள இப்போது கத்தாரில் இருக்கிறான், அவன் ஷிப்ட் முடிந்து ஃபைல் வாட்ஸ்அப்பில் ஒன்பது மணிக்கு வரும், முதலில் அதை ஆடி அனுப்பிவிட்டுத்தான் மற்றது.