கைதான் சரியில்லையா?

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வயது 32. ஐந்து வருஷமாகப் போக்கர் ஆடுகிறேன், ஆளுக்கு இரண்டு சீட்டும் மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டும் விழும் ஹோல்டெம். முதலில் செல்போன் செயலியில், 5–10 ரூபாய் மேசையில். அதில் கடைசியாக ஆடிய 6,000 கையில் (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடித்தால் ஒரு கை) 6,000 ரூபாய் போனது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்தோடு செயலி நின்றுவிட்டது. இப்போது நண்பர்கள் ஆறு பேர் சனிக்கிழமை இரவு மொட்டை மாடியில் சில்லு வைத்து ஆடுகிறோம். காசு கிடையாது. கடைசி இடத்துக்குப் போகிறவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும். இருபது சனிக்கிழமையில் ஆறு தடவை நான்தான் வாங்கினேன்.

போன வாரம் என்னிடம் இரண்டு ஏஸ். எல்லாச் சில்லையும் தள்ளினேன். எதிரே இரண்டு ராஜா. கடைசிச் சீட்டாக மூன்றாவது ராஜா வந்து விழுந்தது. அதற்கு முந்தின வாரம், ஐந்து சேர்ந்தால் பெரிய கை என்கிற இடத்தில் நாலு இஸ்பேடு சேர்ந்திருந்தது, மேசையில் விழ இன்னும் ஒரு சீட்டுதான் பாக்கி. நடுவில் 400 சில்லு கிடந்தது, எதிராளி 400 வைத்தார், அவரிடம் மீதி 300. நானும் 400 கட்டினேன். இஸ்பேடு வரவில்லை. இப்படியேதான் போகிறது.

ஏழரை நடக்கிறது, திருநள்ளாறு போய் வா என்கிறார் அம்மா. உனக்கு ஆடத் தெரியவில்லை என்கிறார்கள் நண்பர்கள். எது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், மன்னார்குடி

*

அன்புள்ள நண்பருக்கு,

அம்மா சொன்னபடி போய் வாருங்கள். மயிலாடுதுறையிலிருந்து பேரளம் வழியாகப் போனால் எனக்கு அது பக்கம்தான். நானும் போயிருக்கிறேன், அதுவும் சீட்டில் வரிசையாகத் தோற்ற ஒரு வருஷத்தில். நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு நள தீர்த்தத்தில் முங்கி எழுந்தபோதுதான் உறைத்தது, இந்தக் குளத்துக்குப் பெயர் கொடுத்தவரே சூதில் தோற்றவர்தானே என்று.

தலபுராணப்படி நளனைப் பிடித்த சனி அங்கே தர்ப்பாரண்யேஸ்வரர் சந்நிதியில் விட்டது. பாரதத்தில் கதை வேறு மாதிரி. அங்கே பிடித்தவன் கலி. நாட்டைத் தம்பி புட்கரனிடம் சூதில் தோற்று, உருமாறி, அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகச் சேர்கிறான் நளன். விதர்ப்பத்துக்குத் தேர் பறந்துகொண்டிருக்கிறது. வழியில் ஒரு தான்றி மரம். அதன் இரண்டு கிளைகளில் 2,095 காய் இருக்கிறது என்கிறான் மன்னன், போகிற போக்கில். நளன் தேரை நிறுத்திவிட்டான். நேரமாகிறது என்று மன்னன் பதறப் பதற மரத்தை வெட்டி எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது. அந்த வித்தையை எனக்குக் கொடு, குதிரை வித்தையை உனக்குத் தருகிறேன் என்று மாற்றிக்கொள்கிறான். பழைய காலத்துச் சூதுக்காயே தான்றிக் கொட்டைதான் என்பதைச் சேர்த்து யோசியுங்கள். வித்தை உள்ளே போன நிமிஷத்தில் கலி அவன் உடம்பிலிருந்து இறங்கி அந்தத் தான்றி மரத்துக்குள் போய்விடுகிறான். பிறகுதான் நளன் புட்கரனை மறுபடி ஆட்டத்துக்குக் கூப்பிட்டு ஜெயிக்கிறான்.

ஆக உங்கள் கேள்விக்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது: எண்ண வேண்டும். எதை எண்ணுவது என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். நீங்கள் ரூபாயை எண்ணியிருக்கிறீர்கள், பரோட்டாவை எண்ணியிருக்கிறீர்கள். இரண்டுமே பொய் சொல்லக்கூடிய சாட்சிகள்.

ரூபாயை முதலில் எடுத்துக்கொள்வோம். கட்டுகிற தொகைக்கு எல்லை வைக்காத ஹோல்டெம் ஆட்டத்தில் நூறு கைக்கு இயல்பான ஊசலாட்டம் ஏறக்குறைய 90 பிக் பிளைண்ட், அதாவது சீட்டு வருமுன்பே கட்டாயமாக வைக்கும் பெரிய தொகையைப் போல் 90 மடங்கு. உங்கள் மேசையில் பிக் பிளைண்ட் 10 ரூபாய், ஆகவே 900 ரூபாய். கை கூடக்கூட இந்த ஊசல் வர்க்கமூலக் கணக்கில் வளரும். 6,000 கை என்பது அறுபது நூறு. அறுபதின் வர்க்கமூலம் ஏழே முக்கால். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 7,000 ரூபாய். அதாவது லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் ஆடத் தெரிந்த ஒருவர்கூட, சீட்டு விழும் விதத்தால் மட்டுமே, 6,000 கையில் 6,000 ரூபாய் இழப்பது ஐந்தில் ஒரு தடவை நடக்கும். நூறு கைக்கு 50 ரூபாய் சம்பாதிக்கிற நல்ல ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டாலும், பத்தாயிரம் கை முடிவில் அவர் நஷ்டத்தில் நிற்க பத்தில் மூன்று வாய்ப்பு இருக்கிறது. ஒரு லட்சம் கை ஆடினால்தான் அது நூறில் நாலாகக் குறையும். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் நிறைய எரிச்சலும் வந்தது. ஒரு லட்சம் கைக்கு நான் எங்கே போவேன்?

போதாததற்கு, நீங்கள் குறிப்பிடாத ஒரு மூன்றாம் ஆளும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார். கை முடியும்போதெல்லாம் நடுவில் சேரும் பணத்தில் செயலிக்காரர் ஒரு பங்கு எடுத்துக்கொண்டாரே, ரேக் என்று. அது உங்கள் அதிர்ஷ்டமும் இல்லை, ஆட்டமும் இல்லை. களத்துமேட்டுத் தரகு மாதிரி, யார் ஜெயித்தாலும் மூட்டை குறையும். 2023 அக்டோபரிலிருந்து கட்டுகிற பணத்துக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் வந்தது. சின்ன மேசையில் இதெல்லாம் சேர்ந்து ஓரளவு நன்றாக ஆடுகிறவரைக்கூட நஷ்டத்தில் தள்ளிவிடும். அந்த 6,000 ரூபாயைப் பற்றி இனி யோசிக்காதீர்கள். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. தடையைத் தாண்டி ஆட வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்றும் தேடாதீர்கள்.

அடுத்து பரோட்டா. ஆறு பேரும் சமமான ஆட்டக்காரர்கள் என்றே வையுங்கள். இருபது சனிக்கிழமையில் ஒருவருக்கு மூன்று, நாலு தடவை வர வேண்டும். உங்களுக்கு ஆறு வந்தது. குறிப்பிட்ட ஒருவருக்கு ஆறோ அதற்கு மேலோ வருவது பத்தில் ஒரு வாய்ப்பு, அது உங்களை உறுத்துவது நியாயம்தான். ஆனால் ஆறு பேரில் யாரோ ஒருவருக்கு அப்படி வர வாய்ப்பு பாதிக்கும் மேல். உங்கள் மாடியில் இந்தப் புலம்பல் எப்படியும் ஒரு வாயிலிருந்து வந்திருக்கும். அது உங்கள் வாயாகிவிட்டது, அவ்வளவுதான். (பரோட்டா ஆறு பேருக்கும் என்றால் சால்னா யார் கணக்கு என்று எழுதவில்லை.)

சரி, அந்த இரண்டு கைகளுக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு நிஜமாகவே உபயோகப்பட்டது அவைதான். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே துக்கமாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவை ஒரே ஜாதி இல்லை.

இரண்டு ஏஸுக்கு எதிரே இரண்டு ராஜா. சில்லு நடுவே போன நிமிஷத்தில் நூறில் 82 பங்கு உங்கள் பக்கம். இருபது தடவை இதே கை வந்தால் மூன்றோ நாலோ தடவை தோற்றே ஆக வேண்டும். அன்று அதில் ஒன்று. தூங்கப் போங்கள், இதில் ஆராய ஒன்றுமில்லை.

இஸ்பேடு வேறு விஷயம். உங்கள் கையில் இரண்டு, மேசையில் நாலு, ஆறு சீட்டு தெரியும். தெரியாதவை 46. அதில் இஸ்பேடு 9. ஐந்தில் ஒன்றுக்கும் கொஞ்சம் குறைவு. நடுவில் 400, அவர் வைத்தது 400, ஆக 800-ஐப் பிடிக்க நீங்கள் 400 கட்டினீர்கள். அந்த விலைக்கு மூன்றில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒவ்வொரு தடவையும் சராசரியாக 165 சில்லு உங்கள் கையை விட்டுப் போகிறது. இஸ்பேடு விழுந்தால் அவருடைய மீதி 300-ஐயும் பறித்துவிடுவேன் என்று நீங்கள் சொல்லலாம். சரி, அவர் தவறாமல் அதையும் கொடுத்துவிடுகிறார் என்றே வைத்துக்கொண்டாலும் 107 போகிறது. இஸ்பேடு வரவில்லை என்பது உங்கள் வருத்தம். வந்திருந்தாலும் அது தப்பான ஆட்டம்தான் என்பது என் வருத்தம். வந்திருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள், அடுத்த வாரமும் கட்டியிருப்பீர்கள்.

எங்கள் அப்பாவின் வயல் குத்தாலம் பக்கம். சம்பாவுக்கு எப்போதும் சி.ஆர். 1009 போடுவார், 155, 160 நாள் பயிர். ஆவணியிலேயே விதைத்துவிடுவார். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்னால் பயிர் வேர் பிடித்து உயர்ந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டி டெல்டாவில் பெய்த மழை ஞாபகம் இருக்கும். அறுக்க வேண்டிய நெல் சாய்ந்து, கதிரிலேயே முளை விட்டது. பக்கத்து வயல்காரர் மகள் கல்யாண வேலையில் நாற்று விடவே மூன்று வாரம் பிந்தியவர். அவர் பயிர் இன்னும் பச்சையாக நின்றதால் தப்பித்தது. கணக்குப் போட்டு நட்ட ஆள் என்று டீக்கடையில் பேசினார்கள். ஒரு மாதத்தில் அவரே அதை நம்பிவிட்டார். அடுத்த சம்பாவுக்கு வேண்டுமென்றே பிந்தினார். அதே 2021-ல் நவம்பர் மழை வந்தது. நட்டுப் பத்துப் பதினைந்து நாளான இளம்பயிர், தண்ணீருக்குள்ளேயே கிடந்து அழுகியது. நேரம் சரியில்லை என்றார். ஜனவரியில் தப்பியது மூளையால், நவம்பரில் போனது நேரத்தால். நாமெல்லாம் இப்படித்தான் வரவு செலவு எழுதுகிறோம்.

அப்பா மறுபடியும் ஆவணியில்தான் விதைத்தார். பிடிவாதம் என்று அம்மாவே திட்டினாள். ஆனால் விதைக்கிற அன்று தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு அது. ஐந்து மாதம் கழித்துப் பெய்த மழையை வைத்து அதைத் திருத்த அவருக்குத் தோன்றவில்லை.

ஆகவே எண்ண வேண்டியது சில்லு நடுவே போகிற அந்த ஒரு நிமிஷத்தை. நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பெரிய கை வரும்போதெல்லாம், ஆடி முடித்த கையோடு நாலு விஷயம் எழுதினேன்: என்னிடம் என்ன இருந்தது, எதிராளியிடம் என்ன இருக்கும் என்று நினைத்தேன், நடுவில் எவ்வளவு, நான் கட்டியது எவ்வளவு. யார் ஜெயித்தார்கள் என்பதைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதினேன். மூன்று மாதம் கழித்து, கடைசிப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு, அதிகம் பேசாத ஒரு நண்பரிடம் நோட்டைக் கொடுத்தேன். சரியான ஆட்டத்துக்கு ஒரு டிக், தப்புக்கு ஒரு பெருக்கல் குறி போடச் சொன்னேன். அப்புறம் கிழித்த பக்கத்தை ஒட்டிப் பார்த்தால் எனக்கு வேர்த்துவிட்டது. நான் மாதக்கணக்கில் புலம்பிய கைகளில் பாதிக்கு டிக். நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த இரண்டு வெற்றிகளுக்கும் பெருக்கல் குறி.

இன்னொன்றும் தெரிந்தது. பெருக்கல் குறிகள் பரவலாக இல்லை, கொத்துக் கொத்தாக இருந்தன. ஒவ்வொரு கொத்துக்கும் சற்று முன்னால் உங்கள் ஏஸ் மாதிரி ஒரு கை. அங்கே அதிர்ஷ்டம் எடுத்துக்கொண்டது ஒரு பங்கு என்றால், விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்த அரை மணி நேரம் நான் வாரிக் கொடுத்தது இரண்டு பங்கு. குப்பைச் சீட்டுக்கெல்லாம் உள்ளே போயிருக்கிறேன். டில்ட் என்பார்கள். உங்கள் அம்மா ஏழரை என்பது ஒருவேளை இதைத்தானோ என்னவோ. கெட்ட சீட்டு காரணமா, கெட்ட ஆட்டம் காரணமா என்று நீங்கள் கேட்கிறீர்கள். என் நோட்டில் முதலாவது வந்து இரண்டாவதைக் கூட்டிக்கொண்டு போனது. தேதியோடு மணியையும் எழுதி வையுங்கள், உங்களுக்கும் அப்படியா என்று பார்த்துவிடலாம்.

கடைசிச் சீட்டு விழுந்த பிறகு, என்னதான் வைத்திருக்கிறார் பார்த்துவிடலாம் என்று கட்டுகிற பழக்கம் இருக்கிறதா என்றும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் 100, அவர் வைத்தது 50 என்றால், அந்த மாதிரிக் கட்டுகளில் நாலில் ஒன்றாவது ஜெயிக்க வேண்டும். பத்துப் பதினைந்து தடவை எழுதியதும் உங்களுக்கே தெரிந்துவிடும். எனக்கு இதுதான் பெரிய ஓட்டை. தோற்கப் போகிறேன் என்று தெரிந்துகொண்டே, தெரிந்ததை உறுதி செய்துகொள்ளப் பணம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் நண்பர்கள் சொல்வதை இப்போதைக்குப் பாதி ஏற்றுக்கொள்கிறேன், அந்த இஸ்பேடுக்காக. மீதிப் பாதிக்கு இரண்டு கை போதாது. இந்தச் சனிக்கிழமையிலிருந்து நோட்டு போடுங்கள். இருபது கை சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள், கடைசிப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு.