நான்கு நாள் நடை – கடிதம்

அன்புள்ள அக்கா,

நெதர்லாந்தில், ஐந்தோவனில் வேலை பார்க்கிறேன். வயது 43. வருகிற ஜூலையில் இங்கே நெய்மேகன் ஊரில் நடக்கும் நான்கு நாள் நடைக்கு அலுவலகத்தில் குழுவாகப் பெயர் கொடுத்தோம், இடமும் கிடைத்துவிட்டது. தினமும் 40 கிலோமீட்டர். அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது ஒரு கேள்வி போட்டுக் குடைகிறது.

என் அம்மா ஊர் சிங்கம்புணரி. தைப்பூசத்துக்கு முன்னால் பழனி பாதயாத்திரைக்காரர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். அம்மா வாசலில் மோர்ப் பானையோடு உட்கார்ந்துவிடுவாள். கால் வலிக்கிறது என்று யாராவது திண்ணையில் சாய்ந்தால் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். அவர்கள் ஏன் நடக்கிறார்கள் என்று எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். முருகனைப் பார்க்கப் போகிறார்கள், அவ்வளவுதான். இங்கேயோ, காலையில் கிளம்பிய இடத்துக்கே சாயங்காலம் திரும்பி வருகிறார்கள். மறுநாளும் அதேதான். கோயில் இல்லை, வேண்டுதல் இல்லை, முதல் பரிசு இரண்டாம் பரிசுகூட இல்லை. எதற்காக நடக்கிறேன் என்று என் கணவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று, பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் 15 கிலோமீட்டர் நடந்து பழகுகிறேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முடியாமல் போய்விட்டால்? அலுவலகத்தில் எப்படி முகம் காட்டுவது?

க.

—

அன்புள்ள க.,

இடம் கிடைத்ததற்கு வாழ்த்துகள். உங்கள் முதல் கேள்விக்கான பதிலில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இந்த நடை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

1909இல் இதைத் தொடங்கியபோது நடந்தவர்கள் 306 பேர், அவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்கள். உடல் உறுதியைச் சோதிக்கும் படைநடையாகத்தான் ஆரம்பித்தது. நாளடைவில் பொதுமக்கள் சேர்ந்துகொண்டே வந்தார்கள். 1925இலிருந்து நெய்மேகன்தான் இதன் நிலையான ஊர். போர்க்காலத்தில் நின்றுபோய், 1946இல் மறுபடி தொடங்கியது. அந்த வருடம் அவர்கள் நடந்து திரும்பிய ஊரை நினைத்துப் பாருங்கள். 1944 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் தவறுதலாகக் குண்டு வீசி நகரின் நடுப்பகுதியையே அழித்திருந்தன. ஏறக்குறைய 800 பேர் செத்துப்போனார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், ஊரை ஒட்டி ஓடும் வால் (Waal) ஆற்றின் பாலத்துக்காகச் சண்டை. இத்தனைக்கும் பிறகு, சண்டை முடிந்த மறு வருடமே ஊர் இந்த நடையைத் திரும்பக் கூட்டியது. இன்று 40,000 பேருக்கு மேல் நடக்கிறார்கள். சிப்பாய்கள் இப்போதும் சீருடையில், முதுகில் குறைந்தது 10 கிலோ சுமையோடு உங்களைப் போலவே 40 கிலோமீட்டர் நடக்கிறார்கள்.

புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதில் என்ன இருக்கிறது என்கிறீர்கள். வரைபடத்தில் நான்கு நாள் வழியையும் சேர்த்துப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை ஆற்றைத் தாண்டி வடக்கே எல்ஸ்ட். புதன் மேற்கே வெய்கன். வியாழன் தென்கிழக்கே குரூஸ்பேக், மேடும் பள்ளமுமான வழி. வெள்ளி தெற்கே கௌக். நான்கு நாளில் ஊரின் நான்கு பக்கமும் போய் வந்துவிடுவீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வட்டாரமே வேலையை ஒதுக்கிவிட்டு வாசலில் வந்து நிற்கும்.

இங்கேதான் உங்கள் அம்மா வருகிறார். மோர்ப் பானைக்குப் பதிலாக இங்கே வெள்ளரித் துண்டுகள் அடுக்கிய தட்டு. குழந்தைகள் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள், போகிற ஒவ்வொருவரும் தட்டிவிட்டுப் போக வேண்டும். தட்டாமல் போனால் அந்த முகம் சுருங்குவதைப் பார்க்கவே முடியாது. வெயில் ஏறினால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைச் சாலைப்பக்கம் திருப்பிவிடுவார்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குத் தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிடும் பாட்டிகள் இருக்கிறார்கள். இந்த நாட்டில் சொல்லிக்கொள்ளாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்த நான்கு நாள் மட்டும் அது செல்லாது.

நான் நடந்தும் இருக்கிறேன், ஓரமாக நின்றும் இருக்கிறேன். என் முடிவு இதுதான்: இந்த நடையை நடத்துவது நடப்பவர்களின் கால் இல்லை, வழியில் நிற்கிறவர்கள். ஆளே இல்லாத சாலையில் இதே 160 கிலோமீட்டரை நடக்கச் சொன்னால் பாதிப் பேர் இரண்டாம் நாளே பஸ் ஏறிவிடுவார்கள். பழனிக்குப் போகிறவர்களுக்கும் முருகன் மட்டும் போதாது க. சிங்கம்புணரியில் ஒரு திண்ணையும் வேண்டியிருக்கிறது. உங்கள் அம்மா கொடுத்ததை ஒருமுறை வாங்கிக்கொள்கிற பக்கத்தில் இருந்து பாருங்கள். உங்கள் கணவருக்கு நான் சொல்லக்கூடிய பதில் அதுதான். வேறு காரணம் தேடி அலைய வேண்டாம். இறந்துபோனவரின் படத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு நடப்பவர்கள் உண்டு, நிதி திரட்ட நடப்பவர்கள் உண்டு. ஒரு காரணமும் இல்லாமல் வருடம் தவறாமல் வருகிறவர்களும் உண்டு. அவர்களோடு நடந்தால் ஏன் என்ற கேள்வியை யாருமே கேட்கவில்லை என்பது மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை வழியில் ஓரிடத்தில் மட்டும் கைதட்டல் ஓயும். குரூஸ்பேக்கில் உள்ள கனடா ராணுவக் கல்லறைத் தோட்டம் அது. இரண்டாம் உலகப்போரில் இறந்த 2,300க்கும் மேற்பட்ட கனடா வீரர்கள் அங்கே இருக்கிறார்கள். நடந்து வரும் கனடாச் சிப்பாய்கள் சாலையை விட்டு உள்ளே போய் அணிவகுத்து மரியாதை செலுத்திவிட்டு, மறுபடி சுமையை மாட்டிக்கொண்டு நடையைத் தொடர்வார்கள். அந்தத் தோட்டம் இருப்பதே ஏழு குன்றுச் சாலையில்தான், கால் ஏற்கெனவே கெஞ்சிக்கொண்டிருக்கும் நேரத்தில் வருகிற மேடு பள்ளச் சாலை. கல்லறைத் தோட்டத்தில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். நேரம் போகிறதே என்று பார்க்க வேண்டாம்.

சரி, இப்போது பயத்துக்கு வருவோம். உங்கள் பயம் நியாயமானது, ஆனால் வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை 15 கிலோமீட்டர் என்பது போதவே போதாது. வெளிப்படையாகச் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. 40 கிலோமீட்டர் ஒரு நாள் நடப்பது பெரிய காரியம் இல்லை. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் எட்டு மணி நேரம், நிற்கும் நேரம் தனி. ஆரோக்கியமான யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாம். கஷ்டம் மறுநாள் விடியற்காலையில், வீங்கிய காலைச் செருப்பில் நுழைக்கவே மனமில்லாதபோது ஷூவுக்குள் நுழைத்து மறுபடி கிளம்புவதில் இருக்கிறது. ஆகவே பழக வேண்டியதும் அதைத்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நடங்கள். முதலில் 15, 15. கொஞ்சம் கொஞ்சமாக 25, 25. ஜூன் முடிவதற்குள் ஒரு வாரக்கடைசியிலாவது 35க்கு மேல், மறுநாள் 30. கடைசி இரண்டு வாரம் குறைத்துவிடுங்கள். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, இன்றைக்கே தொடங்கினால் நேரம் போதும்.

அப்புறம் பாதம். இந்த நடையில் இருந்து ஆளை வெளியே தள்ளுவதில் கொப்புளத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 40 கிலோமீட்டருக்கு 50,000 அடிக்கும் மேலே எடுத்து வைப்பீர்கள். ஒவ்வொரு அடியிலும் வியர்வையில் ஊறிய தோல் சாக்ஸோடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பு நகரும். நடுவில் மாட்டிக்கொண்ட தோலடுக்குகள் பிரிந்து நீர் கட்டிக்கொள்ளும். ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வைத்தியம். நடுவழியில் உட்கார்ந்து சாக்ஸ் மாற்றக் கூச்சப்படாதீர்கள், எல்லோரும் செய்வார்கள். பருத்திச் சாக்ஸ் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், ஆனால் அதை ஒரு வாரம் முன்பே செய்யுங்கள். நடக்க நடக்கப் பாதம் வீங்கும், அதனால் வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிய ஷூ வேண்டும். ஓரிடத்தில் சூடாக உறுத்துகிறது என்று தோன்றிய அந்த நிமிடமே நின்று டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த ஓய்விடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் கொப்புளமாகியிருக்கும்.

வந்தேவிட்டால் செஞ்சிலுவைச் சங்கத்தின் முகாமுக்குப் போங்கள். போகாமல் சமாளிப்பதில் ஒரு பெருமையும் இல்லை. அங்கே வேலை செய்கிறவர்களைப் பார்ப்பதே ஒரு படிப்பு. அன்றைக்கு எத்தனையாவது பாதமோ, உங்கள் காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொள்வார் ஒரு தொண்டர். மருந்து தடவித் துடைத்து, ஊசியால் ஓரத்தில் குத்தி, பஞ்சால் ஒற்றி நீரை வெளியேற்றுவார். பிறகு பட்டை பட்டையாக வெட்டிய டேப்பை ஒன்றின் ஓரம் மற்றொன்றின் மேல் படிய, ஓடு வேய்வதுபோல் ஒட்டிக்கொண்டே வருவார். ஒரு சுருக்கம் இருந்தாலும் பிரித்துவிட்டு மறுபடி ஒட்டுவார். அந்தச் சுருக்கம் நாளைக்கு இன்னொரு கொப்புளமாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் அதே பணிவிடையை ஒரு ராணுவ அதிகாரி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிக்காதீர்கள். வியர்வையில் உப்பு போகிறது, வெறும் தண்ணீர் மிச்ச உப்பையும் நீர்க்கச் செய்துவிடும். உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள், நான் எடுத்துப்போவது அதுதான்.

முடியாமல் போனால்? ஒரு நாள் முடிக்காவிட்டால் மறுநாள் சேர்ந்துகொள்ள முடியாது, விதி அப்படி. வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் 2006 ஜூலை 18ஐ மறக்காமல் நடங்கள். முதல் நாளே கடும் வெயில். நூற்றுக்கணக்கானோர் சுருண்டு விழுந்தார்கள், இரண்டு பேர் இறந்துபோனார்கள். மிச்ச நாட்களை அப்படியே ரத்து செய்துவிட்டார்கள். மாதக்கணக்காகப் பழகி வந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளோடு வீடு திரும்பினார்கள். 2022இல் வெயில் அறிவிப்பு வந்ததும் முதல் நாளை முன்கூட்டியே நீக்கி, மூன்று நாள் நடையாக நடத்தினார்கள். நடத்துகிறவர்களே நிறுத்தத் தெரிந்துகொண்ட ஒன்றை, அலுவலகத்தில் என்ன நினைப்பார்களோ என்று நீங்கள் இழுத்துப் பிடிக்கக் கூடாது. வெயிலில் வியர்ப்பது நின்றாலோ, குளிர்வதுபோல் நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ அந்த இடத்திலேயே உட்கார்ந்து கையைத் தூக்கிவிடுங்கள். பக்கத்தில் நடப்பவருக்கு அப்படி ஆனால் அவரையும் உட்காரவையுங்கள், அவர் மறுத்தாலும். கால் வலி வேறு, இது வேறு. வலியோடு நடக்கலாம். இதோடு நடக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை கௌக்கில் மாஸ் ஆற்றின் மேல் ராணுவம் அந்த ஒரு நாளுக்காக மிதவைப் பாலம் போட்டுத் தரும். அதைத் தாண்டிவிட்டால் ஊர் திரும்புகிற பக்கம்தான். கடைசியில் சின்ட் அன்னா தெரு. இருபுறமும் கூட்டம், கையில் கிளாடியோலஸ் பூங்கொத்துகள். அந்தத் தெருவுக்கு அன்றைக்குப் பெயரே வியா கிளாடியோலா. உங்கள் கணவரையும் பிள்ளைகளையும் அங்கே நிற்கச் சொல்லுங்கள். காலையிலேயே வரச் சொல்லுங்கள், நேரமானால் இடம் கிடைக்காது. எந்த மரத்தடி, எந்தக் கடை வாசல் என்று முந்தின நாள் இரவே பேசி வைத்துவிடுங்கள். அந்தச் சத்தத்தில் போனில் கூப்பிட்டால் கேட்காது.

ஷூ மட்டும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். மாலையில் போய்ப் போட்டுப் பாருங்கள், நடக்கும்போது போடும் அதே சாக்ஸோடு.

அன்புடன்,
அக்கா