புது கார்டு வாங்குவதற்கு முன்…

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏப்ரலில் நுவரெலியா மாகஸ்தோட்டையில் கார்கள் மலையேறுவதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ரேஸ் பைத்தியம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி ‘டர்ட் 3 கம்ப்ளீட் எடிஷன்’ என்ற கார் ரேஸ் கேமைப் போட்டேன். மெனு ஒழுங்காக வருகிறது. ரேஸ் லோட் ஆகும்போது பெரும்பாலும் சத்தமில்லாமல் டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுகிறது. தப்பித்தவறி ரேஸ் ஓடினாலும், பொழுதுபட்ட நேரமென்றால் கம்ப்யூட்டரே ஆஃப் ஆகிவிடுகிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டு, மாமா மகனிடம் வாங்கிய ‘மை கேம்ஸ்’ ஃபோல்டரையும் திரும்ப வைத்துப் பார்த்தேன். பலனில்லை. கடையில் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

ஒரு வாசகர், ஹட்டன்

அன்புள்ள தம்பி,

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருப்பவை இரண்டு வேறு கோளாறுகள் என்று நினைக்கிறேன். கேம் மட்டும் விழுவது ஒன்று, மெஷினே அணைவது இன்னொன்று.

முதலாவதற்கு என் சந்தேகமெல்லாம் அந்த மாமா மகன் ஃபோல்டர் மேல்தான். அவர் ஜெயித்த ரேஸ்களுக்கு ஆசைப்பட்டு அதை எடுத்திருப்பீர்கள். ஆனால் அதற்குள் ‘ஹார்ட்வேர் செட்டிங்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. திரையின் அளவு, ரிஃப்ரெஷ் ரேட், கிராஃபிக்ஸ் தரம், ப்ராசஸர் கோர்களுக்கு வேலையைப் பிரிக்கும் விதம் எல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். அவர் மெஷினுக்கு எழுதியதை உங்கள் மெஷின் அப்படியே நம்புகிறது. விண்டோஸை மாற்றினீர்கள், சரி. ஃபோல்டரும் கூடவே திரும்பி வந்துவிட்டதே! டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ், அதற்குள் டர்ட் 3 போய், அந்த ஒரு ஃபோல்டரின் பெயரை மட்டும் மாற்றுங்கள். அழிக்க வேண்டாம். அடுத்த முறை திறக்கும்போது கேம் தானே புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும்.

அப்படியும் விழுந்தால், ஸ்டார்ட்டில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறங்கள். விண்டோஸ் லாக்ஸில் அப்ளிகேஷன் பகுதியில், கேம் விழுந்த நேரத்துக்குச் சிவப்புக் குறியோடு 1000 என்ற எண்ணில் ஒரு பதிவு இருக்கும். அதில் எந்த ஃபைலில் கோளாறு வந்தது என்று காட்டும் ‘ஃபால்டிங் மாட்யூல்’ என்ற வரிதான் முக்கியம். கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் என்விடியா, ஏஎம்டி டிரைவர் ஃபைல் ஒன்றின் பெயர் இருந்தால் டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். கேமின் பெயரே இருந்தால், கேம் வாங்கும் ஸ்டீம் ஆப்பில் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதியை ஓடவிடுங்கள். கெட்டுப்போனதை மட்டும்தான் இறக்கும், டேட்டா மிச்சம். பென் டிரைவில் யாரோ கொடுத்த பிரதியென்றால் இது நடக்காது, அந்த வழக்கில் நான் வாதாட வரமாட்டேன். கேமுக்குத் தேவையான ஏதாவது டிஎல்எல் ஃபைல் இல்லை என்று செய்தி வந்தால், தனி டிஎல்எல் விநியோகிக்கும் தளங்கள் பக்கமே போகாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தரும் டைரக்ட்எக்ஸ் ரன்டைமும் விஷுவல் சி++ தொகுப்பும் போதும். விஷுவல் சி++ தொகுப்பில் 32 பிட், 64 பிட் இரண்டையும் போடுங்கள்.

இனி இரவுக் கதை. அதே ஈவென்ட் வியூவரில், விண்டோஸ் லாக்ஸின் சிஸ்டம் பகுதியில் ‘கர்னல் பவர் 41’ என்ற பதிவு இருக்கும். அதைப் பார்த்துப் பலரும் பயந்துவிடுகிறார்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் நின்றது என்பதுதான் அதன் அர்த்தம்; இப்படிச் சட்டென்று அணைந்தால் காரணத்தை அது பெரும்பாலும் சொல்வதில்லை. தோட்டத்தில் ஆறு, ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் ஹீட்டரும் ஓடும்போது பல்பு மங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ரேஸ் ஓடும்போதுதான் கிராஃபிக்ஸ் கார்டும் அதிகக் கரண்ட் கேட்கும். பழைய, மலிவான பவர் சப்ளை இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்காமல் போகலாம்.

சோதிப்பது சுலபம். அதே ரேஸை ஒரு ஞாயிறு காலையில் ஓட்டுங்கள். அப்புறம் மாலையில், திரையின் வேகத்துக்கு மேல் கார்டை ஓடவிடாத ‘வி-சிங்க்’ என்ற செட்டிங்கைப் போட்டு, கிராஃபிக்ஸைக் குறைத்து ஓட்டுங்கள். இரண்டு தடவையும் அணையவில்லை என்றால் சந்தேகம் கரண்ட் பக்கம்தான். அப்போது கார்டுக்கு வைத்திருக்கும் காசில் நல்ல பவர் சப்ளையும், வோல்டேஜைச் சீராக்கும் ஏவிஆர் உள்ள யூபிஎஸ்ஸும் வாங்குங்கள். காலையிலும் அணைந்தால் கேஸைத் திறந்து தூசியைப் பாருங்கள். குளிர் ஊர்தானே என்று மெஷினைத் துணி போட்டு மூடிவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வெளியே எவ்வளவு பனி விழுந்தாலும் அடைத்த பெட்டிக்குள் சூடு சூடுதான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாமல் போகும். ஃபோல்டர் பெயரை மாற்றியும் கேம் விழுந்தால், அந்த ‘ஃபால்டிங் மாட்யூல்’ வரியைப் போனில் படமெடுத்து அனுப்புங்கள்.