காதலர்கள் பேசிக்கொள்ளவே இல்லை, தொடர்ந்து படிக்கலாமா?

கேள்வி: இடைக்கால ஐரோப்பாவில் நடக்கும் பழைய பாணிக் காதல் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது பக்கம் தாண்டியும் காதலர்கள் தனியாகப் பேசக்கூட இல்லை. நாயகிக்குத் தெய்வக் காட்சிகள் வேறு தெரிகின்றன. அவற்றை நம்புவதா, மனப்பிரமை என்று கொள்வதா? இதை எப்படி ரசிப்பது?

பதில்: மூடி வைத்துவிடாதீர்கள். இவ்வகை நாவலில் காதல் வளர்வதே தடைகளுக்குள்தான். தடை எதுவென்று பிடிபடாவிட்டால் எல்லாமே இழுவையாகத் தெரியும். ஒரு தாளை எடுத்து, யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று குறியுங்கள்: பிரபுவுக்குச் செய்த விசுவாசப் பிரமாணம், சிலுவைப்போருக்கான நேர்ச்சை, கன்னியர் மடத்தில் துறவியாகக் கொடுக்கும் வார்த்தைப்பாடு, சிறுவயதிலேயே நடந்த நிச்சயம். இரண்டு வாக்குகள் மோதும் இடத்தில்தான் கதை சூடுபிடிக்கும். படித்த நாற்பது பக்கங்களையும் இதற்காகவே ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

அடுத்து, கதை நடக்கும் ஆண்டு. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் (கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுப் பேரவை), திருமணத்துக்குத் தடையான இரத்த உறவை ஏழு தலைமுறையிலிருந்து நான்காகக் குறைத்தது. காதலர்கள் ஐந்தாம் தலைமுறை உறவினர் என்றால் 1200இல் அது தடை, 1220இல் இல்லை. திருமணத்துக்கு முன் கோயிலில் ஓலை வாசிக்க, அதாவது மணத்தை எல்லோருக்கும் முன்னறிவிக்க வேண்டும் என்று விதித்ததும் அதே சங்கம்தான். ஆனாலும் 1563இல் திரெந்து சங்கம் என்ற பிந்தைய திருச்சபைப் பேரவை மாற்றும்வரை, குருவோ (பாதிரியாரோ) சாட்சியோ இல்லாமல் இருவர் ஒப்புக்கொண்டாலே திருமணம் செல்லும். அதனால் ரகசியச் சந்திப்புக் காட்சிகளில் வினைச்சொல்லைக் கவனியுங்கள். “உன்னை மனைவியாக ஏற்கிறேன்” என்றால் அக்கணமே மணம் முடிந்தது. “ஏற்பேன்” என்றால் நிச்சயம் மட்டுமே. பின்னால் வரும் வழக்கு முழுதும் இந்த ஒரு சொல்லில் தொங்கலாம்.

தெய்வக் காட்சிகள் விஷயத்தில் அவசரப்பட்டு எந்தப் பக்கமும் சாயாதீர்கள். அக்காலத்தவர் கேட்ட கேள்வியே வேறு: இது கடவுளிடமிருந்து வந்ததா, சாத்தானிடமிருந்தா? ஜெர்மானியத் துறவி பிங்கனின் ஹில்டெகார்ட் (1098–1179) தம் காட்சிகளைப் பற்றி, செல்வாக்கு மிக்க மடாதிபதி கிளேர்வோ பெர்னார்டுக்கு எழுதி அவர் கருத்தைக் கேட்டார். ஆங்கிலேயப் பெண் ஞானி நார்விச் ஜூலியன் காட்சிகளைக் கண்டது 1373இல், சாகக் கிடந்த நோயின்போது. உங்கள் நாயகி காட்சி காணும்போது நோன்பில் இருக்கிறாளா, நோயில் இருக்கிறாளா, முதலில் யாரிடம் சொல்கிறாள், அதனால் யாருக்கு ஆதாயம் என்று பாருங்கள். அவளுடைய பாவசங்கீர்த்தனத்தை (பாவ அறிக்கையை) கேட்கும் குரு நம்புகிறாரா, பயப்படுகிறாரா என்பது மிக முக்கியம். நல்ல ஆசிரியர் இரண்டு வாசலையும் கடைசிவரை திறந்தே வைப்பார். எல்லாம் வெறும் காய்ச்சல் என்று இறுதி அத்தியாயத்தில் முடித்துவிட்டால், அது எழுத்தின் பலவீனம்தான்.

ஒரு அமர்வுக்கு இருபது, இருபத்தைந்து பக்கம் போதும். ஆடை, விருந்து வர்ணனைகளை வேகமாகக் கடக்கலாம். சடங்குகளைத் தாண்டாதீர்கள், வாக்குகள் பிறப்பது அங்கேதான். உரையாடல் கனமாகத் தோன்றினால் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குச் செயற்கையாகப் பட்டது காதுக்கு இயல்பாகிவிடும்.